மீனில்லாத தொட்டி, 112 நாள்

நான்கு மீன்களும் பெரிய தொட்டிக்குத் திரும்பி நான்கு மாதம் ஆகிறது. இதுவரை ஒரு வெள்ளைப் புள்ளி கூட இல்லை. மீன்களுக்கு வந்த வெள்ளைப் புள்ளி நோயின் ஒட்டுண்ணி மீன் கிடைக்காமல் சாகட்டும் என்று, அதற்கு முன் 112 நாள் அந்தத் தொட்டியைப் பவளமும் நத்தையும் நண்டும் இறாலும் மட்டும் இருக்கும்படி காலியாகப் போட்டிருந்தேன். அதில் முதல் 36 நாள் சுத்த வீண். அது ஏன் வீணாய்ப் போனது என்று எழுதி வைக்கத்தான் உட்கார்ந்தேன். அதைச் சொல்ல வேண்டுமென்றால் நீல டாங் என்கிற மீனிலிருந்து தொடங்க வேண்டும்.

தொட்டி 200 லிட்டர் கடல்நீர். அப்போது உள்ளே இரண்டு கோமாளி மீன், ஒரு ராயல் கிராமா, ஒரு மஞ்சள் வாட்ச்மேன் கோபி இருந்தன. கோபி, ஒரு பிஸ்டல் இறாலோடு பாறைக்கடியில் ஒரே வளையில் குடித்தனம். இறால் தோண்டும், கோபி வாசலில் காவல் நிற்கும். எல்லாம் அமைதியாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் நீல டாங் ஒன்றை வாங்கினேன். கடையில் நன்றாகத் தின்றது, உடம்பில் ஒரு குறையும் தெரியவில்லை. புது மீனை முதலில் பிரித்து வைக்கும் தனிமைத் தொட்டிக்கு இடமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பையிலிருந்து நேராகப் பெரிய தொட்டியில் விட்டேன். (இடம் இருந்தது. சோம்பல்தான்.)

ஒன்பதாம் நாள் காலை விளக்கு எரிந்ததும் டாங்கின் துடுப்புகளில் உப்புக்கல் தூவினதுபோல் எட்டுப் புள்ளிகள். எண்ணினேன், சரியாக எட்டு. அன்று செய்தவற்றைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. வெப்பத்தை 30 டிகிரிக்கு ஏற்றினேன். உணவைப் பூண்டுச் சாற்றில் ஊறவைத்தேன். பவளத்துக்குக் கேடில்லை என்று எழுதியிருந்த ஒரு மருந்துத் திரவத்தை மூடி மூடியாக ஊற்றினேன். பதின்மூன்றாம் நாள் புள்ளிகள் சுத்தமாக மறைந்தன. பூண்டுக்குத்தான் புகழ் போனது. வெப்பத்தை ஏற்றுகிற வித்தை நன்னீர் மீன்களின் வெள்ளைப் புள்ளிக்கு உரியது. கடல்மீனில் வருவது வேறொரு உயிர், பெயர் கிரிப்டோகேரியன். 30 டிகிரி அதற்கு ஒரு பொருட்டே இல்லை. இது பிறகு தெரிந்தது.

இருபதாம் நாள் கண்ணில் பட்ட எல்லா மீன்களிலும் புள்ளி. டாங்கின் மேல் எண்ணவே முடியவில்லை. கோமாளிகள் பாறையில் உடம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தன.

தியரி பேச எனக்கு விருப்பமில்லை, ஆனால் மூன்று எண்கள் தெரியாமல் மேற்கொண்டு எதுவும் புரியாது. இந்த ஒட்டுண்ணி மீனின் தோலுக்கடியில் 3 முதல் 7 நாள் இருக்கும். அப்புறம் தானாகவே மீனை விட்டு இறங்கி, மணலிலோ பாறையிலோ ஒட்டிக் கூடு கட்டிக்கொள்ளும். கூட்டுக்குள் பெருகி வெளிவர வேகமாக இருந்தால் 3 நாள், பெரும்பாலும் நான்கு வாரத்துக்குள். ஆய்வகத்தில் 72 நாள் வரை பார்த்திருக்கிறார்கள். ஒரே கூட்டிலிருந்து நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் வரும். அவை ஒன்றிரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், இல்லையென்றால் செத்துப்போகும். ஆக, பதின்மூன்றாம் நாள் புள்ளி மறைந்தது குணம் அல்ல. வயிறு நிறைந்து இறங்கிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். நான் பூண்டு வாங்கிக் கொண்டாடிய வாரத்தில் அது மணலில் குட்டி போட்டுக்கொண்டிருந்தது.

இருபத்திரண்டாம் நாள் மீன்களை வெளியே எடுத்தேன். முதலில் தண்ணீரை வடிக்காமல் வலையோடு ஒன்றரை மணி நேரம் துரத்தினேன். பிடிபட்டது ஒரு கோமாளி. அப்புறம் தண்ணீரை மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும் வரை சுத்தமான பீப்பாயில் இறக்கி, மேல்பாறைகளைத் தூக்கி வெளியே வைத்தேன். இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. டாங்கின் வாலடியில் இரண்டு பக்கமும் கத்தி போன்ற முள் உண்டு. அது வலையில் சிக்கி, வலையை வெட்டித்தான் மீனை எடுக்க வேண்டியிருந்தது. அன்றோடு டாங்குக்கு வலை போடுவதை விட்டேன். இப்போது துளையுள்ள பிளாஸ்டிக் கிண்ணம்தான், காய்கறி கழுவுவோமே அது.

கோபியை மட்டும் காணவில்லை. நான்கைந்து நாளாகவே வெளியே வரவில்லை. பாறையைத் தூக்கிய இடத்தில் வளை சரிந்து மூடிக் கிடந்தது. செத்திருக்கும், நண்டு தின்றிருக்கும் என்று முடிவு கட்டினேன். இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஒட்டுண்ணியைக் கொல்லும் மருந்தான தாமிரம். 60 லிட்டர் கண்ணாடித் தொட்டி ஒன்றைத் தனிமைத் தொட்டியாக்கினேன். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நஞ்சு ஏறாமல் இருக்கட்டும் என்று பெரிய தொட்டியிலிருந்து ஒரு பாறைத் துண்டையும், வெறுந்தரையாக இருக்க வேண்டாமே என்று ஒரு அங்குலம் மணலையும் போட்டேன். இரண்டுமே தப்பு. நான் வாங்கியது கட்டப்பட்ட (வேறொரு பொருளோடு பிணைத்த) தாமிரக் கரைசல், லிட்டருக்கு 2.0 மில்லிகிராம் அளவில் விடாமல் நிறுத்தி வைக்க வேண்டிய வகை. மாலையில் 2.0 வைத்தேன், காலையில் 1.4. திரும்ப ஊற்றி 2.1 ஆக்கினேன், மறுநாள் 1.6. சுண்ணாம்புப் பாறையும் மணலும் தாமிரத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பது மூன்றாம் நாள்தான் உறைத்தது. அளவு கீழே கிடக்கிற ஒவ்வொரு இரவும் ஒட்டுண்ணிக்கு லாபம், மீனுக்குத் தாமிரத்தின் கஷ்டம் மட்டும் மிச்சம். மேலே சொன்ன எண்களும் உத்தேசம்தான். சோதனைக் குழாயின் நிறத்தை அட்டையோடு ஒப்பிடும் கிட் அது, 1.5க்கும் 2.0க்கும் உள்ள வித்தியாசம் ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்று, டியூப்லைட்டில் வேறொன்று.

தாமிரம் தொடங்கிய ஐந்தாம் நாள் அம்மோனியா 1 காட்டியது. அம்மோனியாவைக் கட்டுப்படுத்தும் திரவம் அலமாரியில் இருந்தது, கை அதற்குப் போய்விட்டது. மூடியைத் திறந்தபோதுதான் தாமிரப் புட்டியின் ஓரத்தில் இருந்த சின்ன எழுத்து கண்ணில் பட்டது: இந்த வகைத் திரவங்களோடு சேர்த்தால் தாமிரம் மீனுக்கு நஞ்சாகிவிடும். மூடிவிட்டேன். தண்ணீர் மாற்றுவது ஒன்றுதான் வழி, ஆனால் மாற்றும் தண்ணீரிலும் அதே அளவு தாமிரம் இருக்க வேண்டும். தினம் 20 லிட்டர் கலக்கி, அளந்து, ஊற்றி, மறுபடி அளந்து. அந்த வாரம் எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

எட்டாம் நாள் காலை கிராமா மூலையில் சாய்ந்து கிடந்தது. பத்து வினாடிக்கு எத்தனை முறை செவுள் அசைகிறது என்று எண்ணி ஆறால் பெருக்குவது என் வழக்கம். அன்று நிமிடத்துக்கு 132 வந்தது. முந்தைய வாரம் அதே மீனுக்கு 78. அரை மணி நேரத்தில் போய்விட்டது. உடனே செவுளில் ஒரு சிறு துணுக்கை வெட்டி, அதே உப்புத்தண்ணீர் ஒரு சொட்டோடு கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தேன். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கிற நுண்ணோக்கிதான், 100 மடங்கு போதுமானதாக இருந்தது. கறுத்த, மணல்மணலான உருண்டை ஒன்று மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. பார்க்க அழகாக இருந்தது என்று சொன்னால் தப்பாக நினைக்காதீர்கள்.

அந்தச் சுழற்சி எனக்கு முக்கியம். வெல்வெட் என்கிற இன்னொரு ஒட்டுண்ணியும் கடல்மீன்களுக்கு வரும். அதன் உருண்டை செவுளில் வேரூன்றினதுபோல் அசையாமல் இருக்கும். மேலே பார்த்தால் உப்புக்கல் மாதிரி தெரியாது, மாவு தூவின மாதிரி இருக்கும். மீன் வெளிச்சத்தை விட்டு ஒதுங்கும், இரண்டு மூன்று நாளில் தொட்டியே காலியாகிவிடும். நான் அடுத்துச் செய்யப் போன முறை வெல்வெட்டுக்கு உதவாது. அதனால் இது எது என்று கண்ணால் பார்த்தது பெரிய நிம்மதி.

அந்த முறை தொட்டி மாற்றம். மருந்தே கிடையாது. கூடு திறக்கக் குறைந்தது 3 நாள் ஆகும் அல்லவா? அந்த 3 நாள் முடியும் முன்பே மீனை வேறு சுத்தமான தொட்டிக்கு மாற்றிவிட்டால், இறங்கிய ஒட்டுண்ணிகளெல்லாம் பழைய தொட்டியோடு நின்றுவிடும். நான்கு முறை மாற்றுவதற்குள் தோலில் இருந்த கடைசி உருண்டையும் இறங்கியிருக்கும். முதலாம் நாள் அ தொட்டி, 4ஆம் நாள் ஆ, 7ஆம் நாள் மறுபடி அ, 10ஆம் நாள் ஆ, 13ஆம் நாள் கடைசியாக வேறொரு புதுத் தொட்டி.

தாமிரத்தின் பத்தாம் நாள் அதைக் கைவிட்டு இதைத் தொடங்கினேன். வாங்கியது 50 லிட்டர் பிளாஸ்டிக் டப் இரண்டு. 40 லிட்டர் கோடு போட்டுக்கொண்டேன். எல்லாமே இரட்டை: 100 வாட் ஹீட்டர், காற்றுக்கல், காற்றுக்குழாய், வெப்பமானி, மீன் ஒளிந்துகொள்ள மூன்று பிவிசி எல்போ (வளைந்த குழாய்த் துண்டு). காற்று பம்ப் மட்டும் ஒன்று, இரண்டு வாய் உள்ளது. மணல், பாறை, ஃபில்டர் எதுவும் கிடையாது. மேலே மூட ஜன்னல் வலை, ஏனென்றால் கோமாளி குதிக்கும்.

லிட்டருக்கு 37 கிராம் உப்பு போட்டால் என் உப்புக்கு உப்பளவு 35 (ஆயிரத்தில் 35 பங்கு) வந்தது. 40 லிட்டருக்கு 1,480 கிராம், நான்கு தடவைக்கு ஏறக்குறைய 6 கிலோ, கடைசித் தொட்டிக்கு இன்னும் 3.3 கிலோ. இங்கே ஒரு கிளைக்கதை: இந்த உப்பளவு பார்க்கும் கருவியான ரிஃப்ராக்டோமீட்டரை நான் அதுவரை சுத்தத் தண்ணீரை வைத்துப் பூஜ்யத்துக்குத் திருகித்தான் பயன்படுத்தினேன். 35 என்று குறித்த அளவுத் திரவம் வாங்கி ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் 33 காட்டியது. பூஜ்யத்தில் சரியாக இருக்கும் கருவி 35இல் சரியாக இருக்கும் என்று நம்பி எத்தனை காலம் ஓட்டியிருக்கிறேன்! இப்போது 35இல் வைத்தே திருகுகிறேன்.

மாற்றம் ஒவ்வொரு முறையும் காலை ஏழு மணி வாக்கில். 72 மணி நேரம் என்பது எல்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் முன்னதாகவே மாற்றத் தொடங்கி, கடைசி மாற்றம் காலை மூன்று மணிக்கு வந்து நின்றுவிடாமல் இருக்க, அலாரத்தைப் பத்துப் பத்து நிமிடம்தான் முன்னால் தள்ளினேன். மீனைக் கிண்ணத்தில் அள்ளி, தண்ணீர் வடிந்ததும் ஒரே வீச்சில் அடுத்த டப்பில் விட வேண்டும். பழைய தண்ணீர் கூட வரக் கூடாது. இரண்டு டப்பிலும் வெப்பமும் உப்பும் ஒன்றாக இருந்தால் பழக்கப்படுத்தத் தேவையில்லை. காலியான டப்பையும் அதிலிருந்த சாமான் அத்தனையையும் பிளீச் போட்டுத் தேய்த்து, அலசி, அடுத்த முறை வரும் வரை வெயிலில் காய வைத்தேன். எல்போவின் உள்பக்கத்தை மறந்துவிடாதீர்கள், ஈரம் அங்கேதான் நிற்கும்.

இரண்டாம் மாற்றத்தில் ஒரு சறுக்கல். காலை ஆறரைக்குப் போய்ப் பார்த்தால் அ தொட்டி 23 டிகிரி. ஹீட்டரைப் போட மறந்திருக்கிறேன். மீன் இருந்த டப்பில் 26. நேரமோ ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு புட்டிகளில் கொதிநீர் நிரப்பி, மூடி இறுக்கி, டப்பில் மிதக்கவிட்டு, ஹீட்டரையும் போட்டு, ஏழுக்குள் 25.5க்குக் கொண்டுவந்தேன். அன்றிலிருந்து ஹீட்டர் முந்தின இரவே.

ஃபில்டர் இல்லாததால் மூன்றாம் நாளில் அம்மோனியா 0.5 வரை ஏறியது. இங்கே தாமிரம் இல்லை, அலமாரியில் இருந்த திரவம் கடைசியில் வேலைக்கு வந்தது. (தாமிரத் தொட்டியிலிருந்து ஒரு சொட்டும் ஒட்டி வராதபடி மீன்களை முதலில் வேறொரு வாளித் தண்ணீரில் நனைத்து எடுத்தேன். தேவையா என்றால், என் பயத்துக்குத் தேவை.) தீனி ஒரு நாளுக்கு ஒரு முறை, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு. ஏழாம் நாளுக்கு மேல் எந்த மீனிலும் புள்ளி இல்லை. பதின்மூன்றாம் நாள் மூன்றும் 90 லிட்டர் தொட்டிக்குப் போயின. அதற்கான ஸ்பாஞ்ச் ஃபில்டரைப் புட்டியில் வரும் பாக்டீரியா கொண்டுதான் தயார் செய்தேன். பெரிய தொட்டியின் ஸ்பாஞ்சைத் தொடவில்லை. அதில் கூடு இருக்காது என்று யார் சொல்வது?

இனி மீனுக்கு வேலை இல்லை, காலண்டருக்குத்தான். கூட்டுக்கு அதிகபட்சம் 72 நாள், கூட நான்கு நாள் பாதுகாப்பு, மொத்தம் 76. அத்தனை நாள் பெரிய தொட்டியில் மீன் இருக்கக் கூடாது. குளிர்ந்தால் கூடு இன்னும் இழுக்கும் என்று 27 டிகிரியில் வைத்தேன். மீனை எடுத்த நாளை ஒன்று என்று வைத்து, தினம் ஒரு கட்டம் அடித்தேன்.

33ஆம் கட்டம். பவளத்துக்கு உறைந்த இறால் தீனியை நீளக் குழாயால் ஊட்டிக்கொண்டிருந்தேன். ஒரு துண்டு நழுவிப் பாறையின் பின்பக்கம் விழுந்தது. மணலிலிருந்து ஒரு மஞ்சள் தலை எட்டிப் பார்த்து, துண்டைக் கவ்விக்கொண்டு உள்ளே போனது.

கையில் குழாயோடு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். இறால் வளைக்குப் பின்வாசல் தோண்டியிருக்கிறது. இத்தனை நாளும் ராத்திரியில் இறாலின் 'டிக்' சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. இறால் பிழைத்திருந்தால் கோபியும் பிழைத்திருக்கலாம் என்று ஒரு நாளாவது தோன்றியிருக்க வேண்டாமா? கோபியின் உடம்பில் புள்ளி எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரு தடவை தாக்கப்பட்டுப் பிழைத்த மீனுக்கு ஓரளவு எதிர்ப்பு வந்துவிடும். செவுளில் ஒன்றிரண்டு மட்டும் இருந்துகொண்டு சுற்று அறுபடாமல் ஓடும். அந்த ஒரு மீன் போதும், 33 நாளும் காலி.

பாறையை மறுபடி கலைக்க மனசில்லை, பவளங்கள் ஒட்டி வளர்ந்திருந்தன. ஒரு லிட்டர் பிளாஸ்டிக் புட்டியின் கழுத்தை வெட்டி, தலைகீழாகத் திருப்பி உள்ளே செருகி, தூண்டில் நரம்பால் தைத்தேன். உள்ளே மிதக்காமலிருக்கக் கூழாங்கல், கூடவே தீனி. முதல் நாள் இரவு வைத்தேன். காலையில் உள்ளே மூன்று துறவி நண்டுகள். கோபி பகலில் நடமாடும் மீன், இரவில் வைத்தது என் அறிவு. இரண்டாம் நாள் பகலில் வைத்தேன், இறால் மணலைத் தள்ளிப் புட்டியின் வாயை மூடிவிட்டது. மூன்றாம் நாள் புட்டியை இரண்டு அங்குலம் தள்ளி, ஒரு தட்டைக் கல்லின் மேல் வைத்தேன். மதியம் கோபி உள்ளே.

36ஆம் கட்டத்தில் பழைய கோடுகளை அழித்துவிட்டு மறுபடி ஒன்று என்று எழுதினேன். கோபிக்கும் தனியாக அதே நான்கு மாற்றம், அப்புறம் மற்றவற்றோடு 90 லிட்டரில்.

அடுத்த 76 நாளில் சொல்ல அதிகம் இல்லை. 90 லிட்டர் டாங்குக்குச் சிறிது. கடற்பாசித் தாள் ஒன்றைக் கிளிப்பில் மாட்டி வைத்தால் பாதி நேரம் அதைக் கிழித்துக்கொண்டிருக்கும், இல்லையென்றால் கோமாளியைத் துரத்தும். வாரம் இரண்டு முறை 20 லிட்டர் மாற்றினேன். இரண்டு தொட்டிக்கும் தனி வலை, தனி வாளி, தனித் துணி. கை நனைந்தால் முழங்கை வரை கழுவித் துடைத்த பிறகுதான் மற்றது. நடுவில் நண்பர் ஒருவர் அழகான பவளத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். அவர் தொட்டியில் மீன் உண்டு. பவளத்தின் அடிக்கல்லில் கூடு ஒட்டி வரலாம், நத்தை ஓட்டில் கூட வரலாம். வேண்டாம் என்றேன். கொஞ்சம் வருத்தம்தான் அவருக்கு.

திரும்ப விட்ட அன்று கோபி மணலைத் தொட்ட பத்தாவது நிமிடம் வளைக்குள் போய்விட்டது. மாலையில் பார்த்தால் வாசலில் காவல், இறாலின் மீசை அதன் வாலைத் தொட்டபடி.

செலவு: டப், ஹீட்டர், உப்பு, காற்றுக்கல் எல்லாம் சேர்த்தாலும் அந்த டாங் ஒன்றின் விலையைத் தாண்டவில்லை. தாமிரம், அதன் சோதனைக் கிட், பூண்டுத் திரவம், பவளத்துக்குக் கேடில்லாத திரவம் என்று வீணாய்ப் போனது அதைவிட அதிகம். மறுபடி வந்தால் தாமிரத்தைத் தொடமாட்டேன் என்று சொல்லவில்லை. வெல்வெட் என்றால் தொட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் வெறுந்தொட்டியில், எண்ணில் காட்டும் மின்னணு அளவியோடு மட்டுமே. தொட்டியைக் காலி செய்யும் நாளில் மீன்களின் பெயரைத் தாளில் எழுதி ஒவ்வொன்றாக அடிப்பேன். உடலைக் கண்ணால் பார்க்காத வரை எந்த மீனும் செத்ததாகக் கணக்கில் வராது.

புது மீன் எது வந்தாலும் இப்போது முதல் பதின்மூன்று நாள் டப்பில்தான். இதை எழுதும்போது ஒரு சின்ன ராயல் கிராமா ஆ தொட்டியில் எல்போவுக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. நாளை காலை ஏழு மணிக்கு அதன் இரண்டாம் மாற்றம். அ தொட்டியில் 40 லிட்டர் கலக்கி 35 பார்த்துவிட்டேன். ஹீட்டர் இன்னும் போடவில்லை, இதோ போடப் போகிறேன்.